தூண்டுகோலும் தூண்டிலும்

மதரஸாவில் ஒருநாள் மொழிபெயர்ப்புப் பாடம் நடந்துகொண்டிருந்தது. திருமறையின் 17-ஆவது அத்தியாயமாகிய பனீ இஸ்ராயீலில், பணிய மறுத்த இப்லீஸுக்கு இறைவன் அவகாசம் அளிக்கும் இடம். மனிதருள் இயன்றவரை உன் குரலைக்கொண்டு ஆட்டிப்பார் என்னும் கருத்துப்பட 64-ஆம் வசனத்தில் ஒரு சொல் வருகிறது. ‘இஸ்திஃப்ஸாஸ்’ என்பது அதன் பெயர் வடிவம். மாணவர் ஒருவர் அகராதியைப் புரட்டி, அதற்கு நேராகத் தம் குறிப்பேட்டில் ‘எழுப்புதல்’ என்று எழுதியிருந்தார். நாம் அதை அடிக்கப் பேனாவை எடுத்தோம். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்:

“உஸ்தாது, சுப்ஹுக்குப் பாங்கு சொல்றவரும் குரலாலேதானே எழுப்புறார்? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

முப்பது ஆண்டுகளாக இந்த வசனத்தைப் பாடம் சொல்லிவரும் நமக்கு இந்தக் கேள்வி ஒருமுறையும் தோன்றியதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று பாடத்தை முடித்தோம். மறுநாளும் சொல்லவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறோம்.

மாணவரைக் குறை சொல்ல வழியில்லை. நம் தமிழிலேயே உறக்கத்தைக் கலைப்பதற்கும் உணர்ச்சியைக் கிளறுவதற்கும் உரிய சொற்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தென்மாவட்டங்களில் ‘பிள்ளையை உசுப்பு’ என்றால் படுக்கையிலிருந்து எழுப்பு என்று பொருள். ‘அவனை உசுப்பிவிட்டான்’ என்றாலோ, அடிதடிக்கு ஏவிவிட்டான் என்று பொருள். நாயை ஏவும்போது எழுப்பும் ‘உசு’ என்ற ஒலியே இச்சொல்லின் வேர் என்று தோன்றுகிறது. தாய் தொட்டிலருகே குனிந்து செய்வதும், தெருவில் ஒருவன் நாயை அவிழ்த்து விட்டுச் செய்வதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போயின.

‘உணர்ச்சி’ என்பதும் இப்படித்தான். பழந்தமிழில் ‘உணர்தல்’ என்பதற்குத் துயில் நீங்குதல் என்ற பொருளும் உண்டு. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்தது. கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் மலையாளம் பேசும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த வீடுகளில் காலையில் காது கொடுத்தால், ‘உணர்தல்’ விழித்தெழுதல் என்ற பழம்பொருளிலேயே புழங்குவதைக் கேட்கலாம். தமிழில் நாம் உணர்ச்சி என்று சொல்லிவிட்டு விழிப்பை மறந்துவிட்டோம். இன்னொரு வியப்பும் உண்டு. அகத்திணை நூல்களில் ‘ஊடல் உணர்த்துதல்’ என்றால் சினந்திருப்பவளைத் தணித்தல். உணர்த்துதல் என்ற சொல் ஒரு காலத்தில் கோபத்தை ஆற்றும் வேலையையும் செய்தது என்பதை மேடையேறும் நம்மவர்கள் சற்றே நினைக்கலாம்.

‘தூண்டுதல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மங்கிய விளக்கின் திரியைச் சற்றே வெளியே தள்ளிவிடுவது தூண்டுதல். அதற்குரிய கருவி தூண்டுகோல். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கடற்கரையில் மீனுக்குப் போடும் முள்ளும் அதே அடியிலிருந்து பிறந்ததுதான், அது தூண்டில். இரண்டுமே குத்துகின்றன. திரியைக் குத்தியவனுக்கும் அந்த வீட்டாருக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. தூண்டிலில் குத்துப்பட்ட மீனுக்கு என்ன கிடைக்கிறதென்று சொல்ல வேண்டியதில்லை. கயிற்றின் மறுமுனை எப்போதும் கரையில் நிற்பவன் கையில்தான்.

அரபு மொழி இந்த இடத்தில் நம்மைவிடக் கறாராக இருக்கிறது. உறக்கத்திலிருந்து எழுப்புவது ‘ஈகாழ்’. இறந்தோரை எழுப்புவதும், குகைத்தோழர்களை நெடுந்துயிலிலிருந்து எழுப்பியதும் ‘பஃது’. பகைமூட்டுவதற்கு ‘நஸ்கு’ என்று ஒரு சொல். ஊசியால் குத்துவது போன்ற செயல் அதற்குள் இருக்கிறது. யூசுப் (அலை) அவர்கள் தம் சகோதரர்கள் தமக்கிழைத்த கொடுமையைப் பின்னாளில் தந்தையின் முன் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள்: ஷைத்தான் எங்களிடையே குத்திவிட்டான் என்ற அளவில் முடித்துக்கொண்டார்கள், கிணற்றைப் பற்றிப் பேசவே இல்லை. மர்யம் அத்தியாயத்தில் ‘அஸ்ஸு’ என்ற சொல் வருகிறது. அடுப்பின்மேல் சட்டி கொதித்துக் குமுறும் ஓசை அதில் கேட்கும்.

நம் மாணவர் இடறிய ‘இஸ்திஃப்ஸாஸ்’ என்ற சொல்லுக்கு, திருமறைச் சொற்களுக்கு அகராதி செய்த இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ (ரஹ்) அவர்கள் தரும் விளக்கம் சுவையானது. அதன் வேரில் இலேசாகிவிடுதல் என்ற கருத்து இருக்கிறதாம். துள்ளும் பசுங்கன்றுக்கும் அந்த வேரிலிருந்தே பெயர் அமைந்தது என்கிறார்கள். ஆக, இப்லீஸின் குரல் மனிதனை எழுப்புவதில்லை. அவனுடைய பாரத்தைப் போக்கிப் பஞ்சாக்கி விடுகிறது. பிறகு எந்தக் காற்றும் அவனைத் தூக்கும்.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் ‘தஹ்ரீழ்’ இருக்கிறது. நம்பிக்கையாளர்களுக்கு ஊக்கமூட்டுமாறு நபிகளார் (ஸல்) அவர்களுக்குத் திருமறை இரண்டிடங்களில் கட்டளையிடும்போது ஆளும் சொல் இது. இதன் வேராகிய ‘ஹரழ்’ என்பது நலிந்து உருக்குலைந்து சாகக் கிடக்கும் நிலை. மகனை எண்ணி எண்ணி உருகிய யஃகூப் (அலை) அவர்களைப் பற்றிய பேச்சில் அது வருகிறது. அந்த நலிவை அகற்றுவதே தஹ்ரீழ் என்று இமாம் ராகிப் அவர்கள் பொருள் காண்கிறார்கள். தூண்டுதல் ஒன்று நோயைப் போக்குகிறது. இன்னொன்று கனத்தைப் போக்குகிறது. இவ்வளவும் அகராதியில் தெளிவாகவே இருக்கிறது. தெருவில்தான் தெளிவில்லை.

1982 மார்ச் 1. மண்டைக்காட்டில் பகவதியம்மன் கோயில் கொடைவிழா நடந்துகொண்டிருந்த நாள். கடற்கரை மக்களுக்கும் விழாவுக்கு வந்தவர்களுக்கும் இடையே மூண்ட தகராறு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. ஆறு உயிர்கள் போயின. அதன்பின் கலவரம் கடற்கரை ஊர்களெங்கும் பரவி, வீடுகளும் வள்ளங்களும் எரிந்தன. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. அன்று நாம் பன்னிரண்டு வயதுச் சிறுவர். சண்டை நம் சமூகத்தாரோடு அல்ல. ஆனாலும் நம் தெருவில் எல்லாரும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

அந்த நாட்களில் நாம் கேட்ட பேச்சுகளில் ஒரு சிறு எழுத்து இன்றும் காதில் நிற்கிறது. தமிழில் ‘ஆம்’ என்ற ஓர் ஒட்டு உண்டு. ‘வெட்டினார்களாம்’, ‘இழுத்தார்களாம்’, ‘வருகிறார்களாம்’. நான் கண்டதல்ல, கேட்டதுதான் என்று சொல்பவன் தன்னை விலக்கிக்கொள்ளும் ஒட்டு அது. நேர்மையான ஒட்டுதான். ஆனால் காலையில் வடக்குத் தெருவில் ‘வருகிறார்களாம்’ என்று புறப்பட்ட செய்தி, உச்சிப்பொழுதில் நம் தெருமுனைக்கு வரும்போது ‘வருகிறார்கள்’ என்றாகிவிடும். அந்த ‘ஆம்’ எந்த வாயில் உதிர்ந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. அன்று மாலை பெரியவர்கள் சிலர் கம்புகளோடு தெருமுனையில் நின்றார்கள். யாரும் வரவில்லை. வேறு ஊர்களில் வந்திருக்கிறார்கள். வந்தவர்களும் தம் பக்கத்தில் இப்படியொரு செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அப்படியானால் மக்களின் உணர்ச்சியைத் தொடவே கூடாதா? தொடாமல் எந்த அநீதி நீங்கியது? இந்த ஆட்சேபத்தை நம் மண்ணில் நின்றுகொண்டு யாரும் தள்ளிவிட முடியாது. இதே நாஞ்சில் நாட்டிலும் அதை அடுத்த ஊர்களிலும் ஒருகாலத்தில் உழைக்கும் சாதிப் பெண்கள் மேலாடை அணிய உரிமையின்றி இருந்தார்கள். பல்லாண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னரே 1859-இல் திருவிதாங்கூர் மன்னரின் அரசாணை அந்தத் தடையைத் தளர்த்தியது. அந்தப் பெண்களையும் அவர்களின் வீட்டாரையும் ‘பொறுமையாய் இருங்கள்’ என்று தாலாட்டியவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். தென் திருவிதாங்கூரைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் போராட்டமும் அவ்வாறே. 1954-இல் தடையை மீறித் தேவிகுளம், பீர்மேட்டுப் பகுதிக்குச் சென்று கைதானவர்களில் மார்ஷல் நேசமணியும் அப்துல் ரசாக் அவர்களும் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். அந்தத் தலைவர்கள் மக்களைத் தூண்டினார்கள் என்றுதான் அன்றைய அரசாங்கமும் சொன்னது.

உணர்ச்சி மிகுவதே குற்றம் என்றும் சொல்வதற்கில்லை. தக்கலையில் பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் ஆண்டு விழாவில், ரஜபு மாதத்து இரவொன்றில், அவர்கள் இயற்றிய ஞானப்புகழ்ச்சியைப் பாடுவார்கள். விடிய விடியப் பாட்டு. கூட்டத்தில் முதியவர் இளையவர் என்றில்லாமல் கண் கலங்குவார்கள். நாமும் பலமுறை கலங்கியிருக்கிறோம். அவ்வளவு உணர்ச்சி ஓர் இரவில் திரண்ட பிறகு, காலையில் நேர்ச்சைச் சோற்றை வாங்கிக்கொண்டு அவரவர் வீடு திரும்புகிறார்கள். நெஞ்சு நிறைந்ததே தவிர யாரும் இலேசாகிவிடவில்லை.

எனவே வேறுபாடு உணர்ச்சியின் அளவில் இல்லை. பாங்கையே மறுபடியும் எண்ணிப் பார்த்தோம். நபிகளாரின் (ஸல்) காலத்தில் வைகறைக்கு இரண்டு பாங்குகள் இருந்தன. பிலால் (ரலி) அவர்கள் முதலில் சொல்வார்கள். உறங்குபவர் எழவும், இரவெல்லாம் நின்று தொழுதவர் சற்று ஓயவும் அது என்று நபிமொழியில் காரணம் வருகிறது. ஒரே குரல் ஒருவரை எழுப்புகிறது, இன்னொருவரை அமர்த்துகிறது! பிறகு இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், கண் பார்வையற்றவர், பொழுது புலர்ந்ததென்று மற்றவர்கள் சொன்னபின் சொல்வார்கள். தாம் காணாததைத் தாமே அறிவிக்கவில்லை. நம் தெருமுனையில் உதிர்ந்துபோன ‘ஆம்’ இங்கே எவ்வளவு கவனமாகக் காக்கப்பட்டிருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று. பாங்கு அடுத்த செயல் எது என்று சொல்லிவிடுகிறது. தொழுகைக்கு வா என்கிறது. அத்தோடு மோதினாரின் வேலை முடிந்தது. எழுந்தவன் ஹவுளுக்குப் போகவேண்டும். தண்ணீரில் முகம் நனைய வேண்டும். அதற்குள் அவன் தன் நிலைக்கு வந்துவிடுவான். எழுப்பியவனின் குரலுக்கும் எழுந்தவனின் செயலுக்கும் நடுவே குளிர்ந்த நீர் இருக்கிறது. குகைத்தோழர்களைப் பாருங்கள். 309 ஆண்டு உறக்கத்திலிருந்து எழுந்தவர்கள் முதலில் எவ்வளவு நேரம் உறங்கினோம் என்று தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார்கள். அடுத்து ஒருவரைக் காசு கொடுத்து உணவு வாங்க அனுப்பினார்கள், மென்மையாக நடந்துகொள் என்று சொல்லியனுப்பினார்கள். திருமறையின் எழுத்துக்களை எண்ணியவர்களில், மென்மையைக் குறிக்கும் அந்தச் சொல்லே நூலின் நட்டநடு என்று சொன்னவர்கள் உண்டு.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நம்மைப் பற்றி எழுதாமல் விடுவது முறையாகாது.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. வடநாட்டு நகரம் ஒன்றில் நம்மவர்களுக்கு நேர்ந்த கொடுமையைப் பத்திரிகையில் படித்திருந்தோம். செய்தி உண்மை. ஜும்ஆவுக்கு முன்னுள்ள பயானில் அதைப் பேசினோம். நமக்கு நாவன்மை உண்டு என்பதை அறிந்தே பேசினோம், இதை மறைப்பதற்கில்லை. குரல் தழுதழுத்தபோது அதை அடக்கவில்லை, இன்னும் சற்றுத் தழுதழுக்க விட்டோம். பள்ளிவாசல் விம்மியது. பேசி முடித்தபோது ஏதோ பெரிய அமல் செய்துவிட்ட நிறைவு இருந்தது. என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பத்து ரூபாய் அனுப்புங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சூட்டை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம்.

அந்தச் சூடு கடைத்தெருவுக்குப் போயிற்று. நம் இளைஞர்கள் நான்கைந்து பேர் கத்திக்கொண்டு போனார்கள், எவனோ எதிர்த்து ஏதோ சொன்னான், கல் பறந்தது. பட்டது யார்மீது? தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவும் பையன் ஒருவன்மீது. நெற்றி கிழிந்து ஐந்து தையல். அவனுக்கும் வடநாட்டுச் செய்திக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; அவன் அந்தச் செய்தியைக் கேட்டிருக்கவும் மாட்டான். அன்றிரவே இளைஞர்களில் மூவரைக் காவல் நிலையத்தில் வைத்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு வளைகுடா வேலைக்கு விசா வந்திருந்தது. வழக்கினால் அந்தப் பயணம் நின்றுபோனது.

மறுநாள் காலை அவனுடைய உம்மா நம் வாசலுக்கு வந்தார்கள். முக்காட்டின் நுனியை வாயருகே பிடித்துக்கொண்டு, கோபமேயில்லாமல் கேட்டார்கள்:

“ஆலிம்சா, நீங்க பேசினது நல்லாத்தான் இருந்துதாம். பின்ன எம் பிள்ளை மட்டும் ஏன் உள்ளே கெடக்கான்?”

நம் மனம் அந்தக் கணம் எங்கே ஓடியது தெரியுமா? ஃபிக்ஹுக் கலையில் ஒரு விதி உண்டு. நேரடியாகச் செய்தவனும் அதற்குக் காரணமானவனும் சேர்ந்திருந்தால், பொறுப்பு நேரடியாகச் செய்தவனைச் சாரும். உஸ்மானியர்களின் ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பில் 90-ஆவது விதி. கல்லெறி என்று நாம் சொல்லவில்லையே என்று அந்த விதியைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் நமக்கு நினைவுக்கு வந்தது அது மட்டுமல்ல. இப்ராஹீம் அத்தியாயத்தில், தீர்ப்பு நாளில் ஷைத்தான் சொல்லும் வாதமும் வந்தது: எனக்கு உங்கள்மீது அதிகாரம் ஏதுமில்லை, அழைத்தேன், நீங்கள் இசைந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள் என்னும் அந்த வாதம். சட்டப்படி பார்த்தால் அதில் பிழையே கிடையாது. அதே வாதத்தை நாமும் ஒரு தாயின் முன்னால் மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தோம்.

நஹ்லு அத்தியாயத்திலோ, அறியாதவர்களை வழிபிறழச் செய்தவர்கள் தம் சுமையோடு அவர்களின் சுமையிலும் ஒரு பங்கைச் சுமப்பார்கள் என்று இருக்கிறது. ஃபிக்ஹு விதி நஷ்டஈட்டை யார் தருவது என்ற கேள்விக்குரியது, சுமையைப் பற்றியதன்று. நாட்டுச் சட்டமும் தூண்டியவனைச் சும்மா விடுவதில்லை. தூண்டப்பட்ட குற்றம் நடந்துவிட்டால் அக்குற்றத்துக்குரிய தண்டனையே தூண்டியவனுக்கும் உண்டு. சமூகங்களிடையே பகை வளர்ப்பதற்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 153-ஏ இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் அன்று நாம் பேசியதை எந்தப் பிரிவும் பிடித்திருக்காது. அவ்வளவு நாசூக்காகப் பேசியிருந்தோம்.

அந்தப் பையனின் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஜமாஅத் பெரியவர் ஒருவரோடு போனோம். அவன் தகப்பனார் பாயை விரித்து உட்காரச் சொன்னார், கட்டன்சாயா கொடுத்தார். என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. பையன் கதவோரம் நின்று, மேடையில் பேசும் மனிதர் இவர்தானா என்பதுபோல நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் நம் கண்ணெதிரே ஒரு முன்மாதிரி இருந்தது. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950). 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்திக் காட்டி அப்பட்டம் பெற்றவர். வள்ளலாரின் அருட்பா பற்றி நடந்த பெரும் வழக்கில் அருட்பாவின் பக்கம் நின்று பேசியவர். அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். அவதான மேடையில் ஒருவர், இராமன் ஒரு ‘துருக்கனுக்கு’த் துணை என்று பொருள்படும் ஈற்றடி கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொன்னாராம். முஸ்லிம் புலவரைச் சபை நடுவில் சீண்டிப் பார்க்கும் வேலை. பாவலர் சினக்கவில்லை. முந்தைய அடியின் இறுதியில் ‘சத்’ என்ற ஓர் அசையை வைத்தார். துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான். இராமன் தன் தம்பிக்குத் துணை என்று பாட்டு முடிந்தது. சபை ஆர்ப்பரித்தது.

வீசப்பட்டது தூண்டில்தான். அவர் அதைத் திரிக்குப் பயன்படுத்திக்கொண்டார். நூறு பக்கம் விழித்திருந்த மனம் அது. ‘அவதானம்’ என்ற சொல்லுக்குப் பொருளே விழிப்பான கவனம்தானே. அவரைச் சீண்டியவரும் அந்தச் சபையில் சிரித்திருப்பார் என்றே நாம் நம்ப விரும்புகிறோம்.

நம் மாணவரின் குறிப்பேடு இன்னும் மேசைமேல் இருக்கிறது. ‘எழுப்புதல்’ என்பதை அடித்துவிட்டோம். ‘கிளறுதல்’ என்று எழுதிப் பார்த்தோம், போதவில்லை. ‘உசுப்புதல்’ இருபுறமும் ஓடுகிறது. பின்பு தமிழில் ‘நிறை’ என்றொரு சொல் இருப்பது நினைவுக்கு வந்தது. நிறை என்றால் எடை. நிறை என்றால் மனத்தை ஒரு நிலையில் நிறுத்துதலும் ஆகும். இலக்கணிகள் ஆடவர் குணமாகச் சொன்ன நான்கில் ஒன்று. இமாம் ராகிப் அவர்கள் அரபியில் கண்ட பொருள் நம் சொல்லுக்குள்ளே முன்பே குடியிருந்திருக்கிறது. ‘உன் குரலால் அவர்களை நிறையழியச் செய்’ என்று ஓரத்தில் எழுதினோம்.

நாளை காலைப் பாடத்தில் அதைக் காட்டவேண்டும். அப்படியானால் பாங்கு சொல்பவர் செய்வதற்கு என்ன சொல் என்று அவர் கட்டாயம் கேட்பார். ‘உணர்த்துதல்’ என்று சொல்லலாமென்று இருக்கிறோம். அந்த வெள்ளிக்கிழமை நாம் செய்தது இரண்டில் எது என்று அவர் கேட்டால், அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.